பர்கூர் மலையில் எங்கள் ஊர் எல்லைக்குச் சமூக வன வள உரிமை கோருவது எப்படி?

கேள்வி — எழுதியவர்: மேற்குமலை

அனைவருக்கும் வணக்கம். நான் ஈரோடு மாவட்டம் அந்தியூர் வட்டத்தைச் சேர்ந்த பர்கூர் மலையில், காப்புக்காட்டுக்குள் இருக்கும் ஒரு சோளகர் குடியிருப்பைச் சேர்ந்தவன். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி எங்கள் ஊரில் சில குடும்பங்களுக்குத் தனிநபர் உரிமை ஆவணம் கிடைத்திருக்கிறது. அளவெடுக்க வந்தவர்கள் அந்த ஆண்டு ராகி விதைத்திருந்த நிலத்தை மட்டும் அளந்தார்கள். இரண்டொரு ஆண்டு தரிசாக விட்டு மறுபடி உழும் பகுதியையும், யானைக் காவலுக்குப் பரண் கட்டியிருக்கும் மேட்டையும் கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே ஆவணத்தில் உள்ள பரப்பு, நாங்கள் உண்மையில் பயிரிடும் பரப்பைவிடக் குறைவாக இருக்கிறது.

என்னுடைய முக்கியமான கேள்வி அதைப் பற்றியது அன்று. எங்கள் ஊருக்கென்று பெரியவர்கள் காலங்காலமாக வைத்திருக்கும் ஓர் எல்லை உண்டு. கிழக்கே ஒரு கரடு, வடக்கே இரண்டு பள்ளங்கள் கூடும் இடம், மேற்கே தேன் பாறை, தெற்கே எங்கள் முன்னோரைப் புதைத்த காடு என்று அவர்கள் அதை வாய்மொழியாகச் சொல்வார்கள். நெல்லிக்காய், கடுக்காய், சீமார்ப்புல் எடுப்பதும், கிழங்கு தோண்டுவதும், எந்தப் பாறையில் எந்த வீட்டார் தேன் எடுப்பது என்பதும் இந்த எல்லையை ஒட்டியே முடிவாகின்றன. ஆனால் எந்த அரசு வரைபடத்திலும் இந்த எல்லை இல்லை. இதைச் சமூக உரிமையாகக் கோர வேண்டும் என்று அலுவலர் ஒருவரிடம் கேட்டபோது, "உங்களுக்குத்தான் பட்டா கொடுத்தாகிவிட்டதே, இது இப்போது சரணாலயம், இனி சமூக உரிமை எதுவும் கிடையாது" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர் சொன்னது சரியா? சரியில்லை என்றால் இந்த எல்லையை எப்படி நிறுவுவது? கிராம சபை என்றால் எங்கள் ஊராட்சியின் சபையா, எங்கள் ஊர்ச் சபையா? ஊராட்சியின் சபை என்றால் அங்கே நாங்கள் சிறுபான்மையினர்; எங்கள் தீர்மானம் அங்கே எடுபடாது. இன்னொரு சிக்கலும் உள்ளது. பக்கத்து ஊர் லிங்காயத்து மக்கள் பல தலைமுறைகளாக எங்கள் எல்லைக்குள் மாட்டுப்பட்டி போட்டு வருகிறார்கள். அவர்களோடு எங்களுக்குப் பகை எதுவும் இல்லை. இந்தக் கோரிக்கையால் பகை வந்துவிடக் கூடாது என்பதே பெரியவர்களின் கவலை.

பதில் 1 — எழுதியவர்: மலைவழக்கு

நான் பழங்குடியினர் சார்பில் வன உரிமை மனுக்களைக் கையாளும் வழக்குரைஞர். அந்த அலுவலர் சொன்னதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. இரண்டுமே சட்டத்துக்குப் பொருந்தாதவை.

முதலாவது, தனிநபர் உரிமை கொடுத்துவிட்டால் சமூக உரிமை முடிந்துவிடும் என்பது. சட்டத்தின் 3(1) பிரிவில் பயிரிடும் நிலத்துக்கான உரிமை ஓர் உட்பிரிவு. ஊரின் வழக்கமான எல்லைக்குள் உள்ள காட்டைக் காக்கவும், மீட்டெடுக்கவும், நிர்வகிக்கவும் உள்ள உரிமை, அதாவது சமூக வன வள உரிமை, வேறோர் உட்பிரிவு. முன்னதற்கு ஏ படிவம், பின்னதற்கு சி படிவம். ஒன்றைப் பெற்றவர் மற்றதை இழப்பதில்லை. 2012இல் திருத்தப்பட்ட விதிகளின் 12பி, வனவாசிகள் உள்ள எல்லா ஊர்களுக்கும் சமூக வன வள உரிமை அங்கீகரிக்கப்படுவதை உறுதிசெய்யும் கடமையை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின்மேல் சுமத்துகிறது. ஏதேனும் ஓர் ஊருக்கு அது அங்கீகரிக்கப்படவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே உங்கள் ஊருக்கு இன்னும் ஏன் வழங்கவில்லை என்று காரணம் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

இரண்டாவது, சரணாலயம் என்பதால் உரிமை கிடையாது என்பது. பர்கூர் மலைப்பகுதியில் 80,000 ஹெக்டேருக்கும் அதிகமான காடு தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனால் 2(ஈ) பிரிவு வன நிலம் என்பதை வரையறுக்கும்போதே சரணாலயங்களையும் தேசியப் பூங்காக்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. மக்களை அங்கிருந்து இடம்பெயர்க்க வேண்டுமானால் உரிமைகளை அங்கீகரிக்கும் வேலை முதலில் முடிந்திருக்க வேண்டும், கிராம சபை எழுத்தில் சம்மதம் தந்திருக்க வேண்டும், மறுவாழ்வு வசதிகள் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று 4(2) பிரிவு நிபந்தனை விதிக்கிறது. நடைமுறை உதாரணம் வேண்டுமென்றால் எல்லை தாண்டிப் பாருங்கள். கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில், புலிகள் காப்பகத்துக்குள்ளேயே, உங்கள் உறவுமுறைச் சமூகமான சோலிகர்களுக்கு 2011இல் சமூக உரிமை வழங்கப்பட்டது. புலிகள் காப்பகத்தில் முடிந்தது சரணாலயத்தில் ஏன் முடியாது என்று கேட்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வேட்டையாடுவதும் பொறி வைப்பதும் இந்த உரிமைகளில் சேராது.

தமிழ்நாட்டில் இந்தப் பணி பின்தங்கியதற்கு ஒரு வரலாறும் உண்டு. 2008இல் சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவின்படி, நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் உரிமை ஆவணம் வழங்க முடியாத நிலை இருந்தது. 2016இல் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிய பிறகே இங்கே ஆவணங்கள் வழங்குவது வேகம் பிடித்தது. அதன் பிறகும் எண்ணிக்கை காட்டுவதற்கு எளிதான தனிநபர் ஆவணங்களுக்கே முதலிடம் கிடைத்தது.

கிராம சபை பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. விடையும் சட்டத்திலேயே இருக்கிறது. 2ஆம் பிரிவின் வரையறையில் வனக் கிராமங்கள், பழைய குடியிருப்புகள், அளவை செய்யப்படாத ஊர்கள் எல்லாம் "கிராமம்" ஆகின்றன. அந்தக் கிராமத்தின் வயது வந்தோர் அனைவரும் அதன் சபை. தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகள் இல்லை, அதனால் பழங்குடிப் பகுதிகளுக்கான பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம் இங்கே பொருந்தாது என்று சிலர் வாதிடுவார்கள். அது உண்மையே ஆனாலும் இந்தக் கேள்விக்குத் தொடர்பில்லாதது; வன உரிமைச் சட்டம் நாடு முழுவதும் தன் சொந்த வரையறையின்படி இயங்குகிறது. சபையைக் கூட்டும் பொறுப்பு ஊராட்சியுடையது. ஆகவே உங்கள் ஊரிலேயே கூட்டித் தருமாறு ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்குங்கள். சபை தன் உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் பழங்குடியினரும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களும் இருக்க வேண்டும். சபை நடக்கும்போது உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். நான் பார்த்த வரையில், சான்று போதாமல் தோற்ற மனுக்களைவிடக் கையெழுத்துத் தாளில் குறைவெண், அதாவது வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, வராததால் திருப்பி அனுப்பப்பட்ட மனுக்களே அதிகம். கூட்டத்தன்று பெண்கள் நெல்லிக்காய்க்குப் போய்விடாத நாளாகப் பார்த்துத் தேதி வையுங்கள்.

குறைத்து அளந்த விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். கோரியதைவிடக் குறைத்து வழங்குவதும் ஒரு திருத்தமே. திருத்தத்தையோ மறுப்பையோ உரியவரிடம் நேரில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மேல்குழுவிடம் மனு செய்யலாம். எழுத்தில் எதுவும் தராதவர்கள் காலம் கடந்துவிட்டது என்று சொல்ல முடியாது என்பது என் வாதம். 2019 பிப்ரவரி 13 அன்று, மனு மறுக்கப்பட்டவர்களை வெளியேற்ற உச்சநீதிமன்றம் உத்தரவிட்டு, அதே மாதம் 28ஆம் தேதி அதை நிறுத்திவைத்தபோது, மறுப்புகள் எந்த நடைமுறையின்படி செய்யப்பட்டன என்பதே மையக் கேள்வியாக எழுந்தது. வாய்மொழி மறுப்பு ஒரு முடிவே அன்று. அதைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பாதீர்கள்.

பதில் 2 — எழுதியவர்: சங்கிலி அளவர்

வழக்குரைஞர் சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஓய்வுபெற்ற நில அளவர் என்ற முறையில் எல்லையை நிறுவுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வரைபடத்தில் இல்லை என்பதற்காகத் தளர வேண்டாம். 13ஆம் விதி ஏற்கும் சான்றுகளில் பெரியவர்களின் எழுத்துபூர்வ வாக்குமூலம், புதைகாடு, கிணறு, வழிபாட்டிடம், பழைய கட்டுமானங்களின் எச்சம், கிழங்கும் சிறு வனப்பொருளும் எடுக்கும் இடங்கள், கால்நடைக்கான நீர்நிலைகள் ஆகியவையும் அடங்கும். ஒன்றுக்கு மேற்பட்ட சான்று இருந்தால் போதுமானது. இன்ன காகிதம்தான் வேண்டும் என்று எந்தக் குழுவும் வற்புறுத்தக் கூடாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. வாக்குமூலம் தருபவர் மனுதாரராக இருக்கக் கூடாது என்ற நிபந்தனை இருப்பதால், பக்கத்து ஊர்ப் பெரியவர்களிடமும் வாக்குமூலம் வாங்கி வையுங்கள். பிற்பாடு எல்லைத் தகராறு வந்தால் அதுவே உங்களுக்குக் கைகொடுக்கும்.

எல்லையைச் சுற்றி நடக்கும்போது வயதானவர்களையும் இளைஞர்களையும் சேர்த்து அழைத்துச் செல்லுங்கள். முடியாதவர்களை முக்கியமான திருப்பங்களுக்கு மட்டுமாவது வண்டியில் கொண்டுபோங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, அந்த இடத்தின் பெயர், அடையாளம், அங்கே யார் எதற்காக வருகிறார்கள், எந்த மாதத்தில் வருகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, அதே இடத்தில் கைப்பேசியில் அட்சரேகை தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். "பெரிய மரம்" என்று எழுதினால் அடுத்த தலைமுறைக்கு அது பயன்படாது. மரத்தின் இனம், பக்கத்துப் பாறையின் வடிவம், பள்ளம் எந்தத் திசையில் இறங்குகிறது என்பது வரை எழுதுங்கள். புதைகாட்டில் நட்ட கற்கள் இருந்தால் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். கல்லின் மேல் படர்ந்திருக்கும் பாசியைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிடாதீர்கள், பழமைக்கு அதுவும் சாட்சி.

அரசின் காகிதங்களிலும் உங்களுக்குச் சாதகமானவை உண்டு. 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி ஒரு காட்டைக் காப்புக்காடாக அறிவிப்பதற்கு முன்பு, தீர்வு அலுவலர் ஒருவர் அங்கே யாருக்கு வழிப்பாதை, நீர், மேய்ச்சல் உரிமை உண்டு என்று விசாரிக்க வேண்டும். அந்த விசாரணைக் கோப்பிலும் அறிவிக்கையின் எல்லை விவரிப்பிலும் பள்ளங்களும் கரடுகளும் உள்ளூர்ப் பெயரிலேயே வருவதுண்டு. உங்கள் பெரியவர்கள் சொல்லும் பெயர் ஒன்று அந்த அறிவிக்கையில் இருந்துவிட்டால், அதை மறுப்பது கடினம். வனக்கோட்டச் செயல்திட்டங்களையும், காட்டில் உழுததற்காக முன்பு யாருக்காவது விதித்த அபராத ரசீதுகளையும் தேடுங்கள். தண்டனையாகக் கொடுத்த சீட்டு, அந்த ஆண்டில் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்கு அரசே தந்த அத்தாட்சி ஆகிவிடும். வன வரைபடமும் வருவாய் வரைபடமும் வாக்காளர் பட்டியலும் கிராம சபைக்குக் கொடுப்பது கோட்டாட்சியர் தலைமையிலான குழுவின் கடமை. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

கள ஆய்வுக்கு வனத்துறையும் வருவாய்த்துறையும் வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். வராமல் இருந்துவிட்டு, பிறகு வரவில்லை என்பதையே காரணமாகக் காட்டி மறுத்தால், மனு மறு ஆய்வுக்கு உங்களிடமே திரும்பும்; இரண்டாம் முறையும் வராவிட்டால், கள ஆய்வைப் பொறுத்தவரை கிராம சபையின் முடிவே இறுதி.

கடைசியாக, எல்லையை ஒரே கோடாக, மூடிய கோடாக வரையுங்கள். அரைகுறையாக விட்ட கோட்டை எந்த அலுவலகமும் தன் வசதிப்படி முடித்துக்கொள்ளும்.

பதில் 3 — எழுதியவர்: பட்டிக்காரர்

கேள்வி கேட்ட தம்பி குறிப்பிட்ட லிங்காயத்துப் பட்டிக்காரர்களில் நானும் ஒருவன். அவருடைய ஊர் எதுவென்று எனக்குத் தெரியாது, என் ஊரையும் சொல்லப்போவதில்லை. பகை வரக் கூடாது என்று அவர் எழுதியதற்கு முதலில் நன்றி.

அளவர் ஐயா சொன்ன மூடிய கோட்டில்தான் எனக்குத் தயக்கம். எங்கள் பர்கூர் மாடுகள் ஆண்டு முழுதும் ஓரிடத்தில் மேய்பவை அல்ல. மழைக்காலத்தில் ஒரு பட்டி, கோடையில் தண்ணீர் உள்ள பள்ளத்தருகே இன்னொரு பட்டி என்று மாற்றிக்கொண்டே இருப்போம். சோளகர் ஊர் எல்லைக்குள் பட்டி போட்டால் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்வது வழக்கம். எரு அவர்கள் நிலத்துக்குப் போகும், வெயில் காலத்தில் நீர் இருவருக்கும் பொது. இந்தப் பொது அனுபவத்தை ஒரே கோட்டுக்குள் அடைத்து, "இது சோளகர் காடு" என்று ஆவணம் வந்துவிட்டால், நாளை ஓர் அதிகாரி அந்தக் கோட்டைக் காட்டியே எங்களைத் துரத்துவார். 2022 மார்ச்சில் உயர்நீதிமன்றம் முதலில் தமிழ்நாட்டின் எல்லா வனங்களிலும் மேய்ச்சலைத் தடைசெய்து, பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்கு மட்டும் என்று மாற்றியது. அந்த மாற்றத்தால் நாங்கள் நிம்மதி அடைந்த சிறிது காலத்திலேயே எங்கள் மலை சரணாலயமாகிவிட்டது. ஆகவே எங்கள் நிலைமை உங்களுடையதைவிட மெலிந்தது.

மெலிந்தது என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாங்கள் பட்டியல் பழங்குடியினர் அல்லர். பிற பாரம்பரிய வனவாசிகள் என்ற பெயரில்தான் கோர முடியும். அதற்கு 2005 டிசம்பர் 13ஆம் தேதிக்கு முந்தைய மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், இந்தக் காட்டைச் சார்ந்து இங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். 1930க்குப் போக வேண்டும் என்றால் எந்த வீட்டில் காகிதம் இருக்கும்? பர்கூர் மலையின் மலையாளி மக்களுக்கும் இதே கதைதான். தருமபுரியிலும் சேலத்திலும் மலையாளிகள் பழங்குடியினர். முன்பு கோயம்புத்தூர் மாவட்டமாக இருந்து 1979இல் பிரிந்த எங்கள் ஈரோடு மாவட்டம் அந்தப் பட்டியலில் இல்லாததால் இங்கே அவர்கள் பழங்குடியினர் அல்லர். ஒரே மலைத்தொடரில் மாவட்டக் கல்லைத் தாண்டினால் சாதிச் சான்றிதழ் மாறுகிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: உங்கள் கோரிக்கையில் பட்டிகள் இருக்கும் இடங்களையும் மாதங்களையும் எங்கள் பெயரோடு எழுதுங்கள். நாங்களும் எங்கள் வாக்குமூலத்தில் உங்கள் எல்லையை ஒப்புக்கொண்டு எழுதித் தருகிறோம்.

மேற்குமலை எழுதியது:

மூவருக்கும் நன்றி. பட்டிக்காரர் ஐயா, எருவைப் பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் ஊர்ப் பெரியவரிடம் வாசித்துக் காட்டினேன். அவருடைய தகப்பனார் காலத்துப் பட்டிகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். வழக்குரைஞர் ஐயாவிடம் ஒரு சந்தேகம். எங்கள் சி படிவ எல்லைக்குள் அவர்களுடைய மேய்ச்சலை எழுதினால் எங்கள் உரிமை குறைந்துவிடாதா? எங்கள் ஊர் இளைஞர்கள் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

பதில் 4 — எழுதியவர்: மலைவழக்கு

குறையாது. அளவர் ஐயாவின் கோடும் பட்டிக்காரர் ஐயாவின் பருவமும் வெவ்வேறு படிவங்களுக்கு உரியவை என்பதால் இரண்டும் மோதத் தேவையில்லை. சி படிவத்தில் நீங்கள் கோருவது உங்கள் வழக்கமான எல்லைக்குள் உள்ள காட்டைக் காத்து நிர்வகிக்கும் அதிகாரம். அதற்கு மூடிய எல்லை வேண்டும். அந்த எல்லைக்குள் பட்டி போடுவதும் மேய்ப்பதும் நீர் காட்டுவதும் அவர்களுடைய சமூக உரிமை. அதை அவர்களுடைய கிராம சபை பி படிவத்தில் தனியாகக் கோர வேண்டும். மேய்ச்சலும், இடம்பெயர்ந்து வாழும் மேய்ப்பர்களின் பருவகால அனுபவமும் 3(1) பிரிவிலேயே உள்ளன. உங்கள் ஊருக்கு உரிமை வந்த பிறகு, எந்தப் பள்ளத்தில் எந்த மாதம் மாடு இறங்கலாம் என்று அவர்களோடு பேசி முறைப்படுத்தும் இடம் உங்கள் சபையாக இருக்கும். இன்று அந்த இடம் யாரிடமும் இல்லை, அதனால்தான் தடை உத்தரவு வரும்போது இரு தரப்பாலும் ஒன்றும் பேச முடியவில்லை.

ஒரே வனப்பகுதியை ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் பயன்படுத்தினால், அந்தந்த ஊர்களின் வன உரிமைக் குழுக்கள் கூடி, அனுபவத்தின் தன்மையை ஆராய்ந்து, முடிவை எழுத்தில் தத்தம் சபைகளுக்குத் தர வேண்டும் என்பது 12ஆம் விதி. தீராவிட்டால் மட்டுமே கோட்ட அளவிலான குழுவுக்குப் போக வேண்டும். ஆகவே மனு கொடுப்பதற்கு முன்பே இரு குழுக்களும் கூடிப் பேசிய அறிக்கையை இரு மனுக்களோடும் இணையுங்கள். தகராறு இருக்கிறது என்று யாரும் கோப்பை நிறுத்திவைக்க அது இடம் தராது. 75 ஆண்டுச் சான்றைப் பொறுத்தவரை, குறிப்பிட்ட நிலத்தை அத்தனை ஆண்டுகள் உழுததைக் காட்டத் தேவையில்லை. அப்பகுதியில் வாழ்ந்து காட்டைச் சார்ந்திருந்ததைக் காட்டினால் போதும். பட்டிக்காரர் ஐயாவின் ஊரில் பழைய மேய்ச்சல் ரசீதுகள் ஏதேனும் மிஞ்சியிருந்தால் அவை முதல்தரச் சான்று. இல்லையென்றால் சோளகர் பெரியவர்களின் வாக்குமூலமே அவர்களுக்குத் துணை.

மனுக்களைக் கோபிசெட்டிபாளையம் கோட்டாட்சியர் அலுவலகத்தில் இரு ஊர்க்காரர்களும் ஒரே நாளில் போய்க் கொடுங்கள். பக்கங்களுக்கு எண் இட்டு, இணைப்புகளின் பட்டியலை முதல் தாளில் எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். உரிமை ஆவணம் கையில் வந்ததும் வேலை முடிந்துவிட்டதாக இருந்துவிட வேண்டாம். நடைமுறை முடிந்தபின் வன, வருவாய்த் துறைகள் இறுதி வரைபடம் தயாரித்து அதிகபட்சம் மூன்று மாதங்களுக்குள் பதிவேடுகளில் சேர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தப் பதிவின் நகலையும் கேட்டு வாங்கி, ஊரில் ஒன்றும் பக்கத்து ஊரில் ஒன்றுமாக வையுங்கள்.